‘பாகாத்துஸ்’ என்றால் வெறும் ‘அமைதியான’ அல்ல: லத்தீன் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

லத்தீன் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், தொடக்கநிலைப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

சொற்பட்டியலில் ‘பாகாத்துஸ்’ என்ற பெயரடைக்கு நேரே ‘அமைதியான’ என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள். ‘பாக்ஸ்’ என்றால் அமைதி, அதிலிருந்து ‘பாகாரே’ என்ற வினை, அந்த வினையின் செயப்பாட்டு எச்சம்தான் இந்தச் சொல். யாரோ ஒருவர் அடக்கியிருக்கிறார் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் படித்த பிள்ளைக்கு ‘அடங்கிய’ வேறு, ‘அடக்கப்பட்ட’ வேறு என்று விளக்கவே வேண்டாம், சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும்.

ரோமானியத் தளபதி சீசர் கால் நாட்டுப் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) போரைப் பற்றி எழுதியதில் 2ஆம் நூல், 35ஆம் பகுதியை எடுங்கள். ‘ஓம்னி கால்லியா பாகாத்தா’, அதாவது கால் நாடு முழுதும் அடக்கப்பட்டுவிட்ட நிலையில், என்று தொடங்குகிறார். ஆண்டு கி.மு. 57. இரண்டே பகுதி முன்னால் போய்ப் பாருங்கள், அடுவாடுகி இனத்தாரின் ஊரை மொத்தமாக விற்றதையும், வாங்கியவர்கள் கொடுத்த கணக்குப்படி அதில் விற்கப்பட்ட மனிதத் தலைகள் 53,000 என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு ‘அமைதியான கால் நாடு’ என்று மாணவர் மொழிபெயர்த்தால் தப்பு யார் மேல்?

முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸும் அப்படித்தான். துருக்கியின் அங்காராவில் கோயில் சுவரில் இன்றும் இருக்கிற அவருடைய சாதனைக் கல்வெட்டில் ‘மாரே பாகாவி’, கடலைக் கொள்ளையரிடமிருந்து அமைதிப்படுத்தினேன், என்று வருகிறது, அதே வினை. அடுத்த வாக்கியத்திலேயே, எஜமானர்களிடமிருந்து ஓடி ஆயுதம் ஏந்திய அடிமைகளில் ஏறக்குறைய 30,000 பேரைப் பிடித்துத் தண்டனைக்காக அவர்களிடமே ஒப்படைத்தேன் என்கிறார்.

சரி, சாதாரணமாக ‘அமைதியான’ என்ற பொருளிலும் இந்தச் சொல் வழங்கியது, ‘பாகாத்தியோர்’ என்று ஒப்பீட்டு வடிவம்கூட உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் ஸ்பெயின் பக்கத்து ஹிபேரியரை ‘இம்பாகாத்துஸ்’ என்னும்போது இன்னும் அடக்கப்படாதவர் என்றுதானே நீங்களே பொருள் சொல்கிறீர்கள்? எதிர்மறையில் இருக்கிற நேர்மை மூலச்சொல்லில் ஏன் இல்லை?

‘பாகிஃபிகுஸ்’ வேறு. அது ‘ஃபாகெரே’, செய்தல், சேர்ந்த சொல். அமைதியை உண்டாக்குகிறவரைக் குறிக்கும். இயேசுவின் மலைப்பொழிவில் வரும் ‘பேயாத்தி பாகிஃபிகி’, அமைதி உண்டாக்குகிறவர்கள் பேறுபெற்றவர்கள், அதுதான், பசிபிக் கடலின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டையும் ஒரே பொருளில் அடைப்பது அடக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்த பதிப்பில் ‘பாகாத்துஸ்’ பக்கத்தில் ‘பாகாரே’ என்ற வினையையும் அச்சிடுங்கள், முதல் பொருளாக ‘அடக்கப்பட்ட’ என்று போடுங்கள், பயிற்சிக்குச் சீசரின் அந்த 33ஆம் பகுதியையும் 35ஆம் பகுதியையும் சேர்த்தே கொடுங்கள்.