வரைபடத்தோடு நிற்காமல் வயலுக்கு வாருங்கள்

செய்மதி வரைபடத்தை வைத்து எது விவசாய நிலம், எது இல்லை என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோப்பாய் வெளியில் எங்கள் அப்பாவுக்கு ஆறு பரப்பு வயல் இருக்கிறது. போன காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், வெள்ளம் நின்று நெல் அழுகிப்போனது. நட்டஈடு கேட்டுப் போனவருக்குக் கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். "ஐயா, இதில தரிசு எண்டுதான் இருக்கு." 1995 போர் இடப்பெயர்வில் உடுப்பைக்கூட விட்டுவிட்டு, இந்த வயலின் உறுதிப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு போன மனிதர் அவர். நட்டஈடு கேட்கப் போன அன்றைக்கு அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

எங்கள் வயல் வானம் பார்த்த வயல். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் அறுப்பு. மிச்ச மாதங்களில் மாடு மேயும் வெறும் வெளி. நெல் பச்சையாக நிற்கும் கார்த்திகை, மார்கழியிலோ வானம் முழுக்க முகில். சாதாரண செய்மதிப் படத்தில் முகில்தான் விழும். வெயில் காலத்துப் படத்தைப் பார்த்தால் தரிசாகத்தானே தெரியும்? சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செய்மதி எடுக்கும், முகிலை ஊடுருவும் ராடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் வயலுக்கு வந்து பாருங்கள்.

தோட்டக் காணிகளின் கதையும் இதுதான். அதே வரிசையில் சாதாரணப் படம் எடுக்கும் சென்டினல்-2 செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று பிரித்த நீர்வேலித் தோட்டத்தில் ஒரு பரப்புக்கு இரண்டரைப் புள்ளிதான் வரும். அதிலும் பாதி, வேலியும் பனை நிழலும் கலந்த புள்ளி. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு உலக நிலப்போர்வை வரைபடத்துக்கே (எங்கே பயிர், எங்கே காடு என்று காட்டுவது) மொத்தத் துல்லியம் ஏறத்தாழ 77 சதவீதம்தான். அப்படியிருக்க, வரைபடம் சொன்னது ஒன்றே போதும் என்று ஒரு கமக்காரனை எப்படித் திருப்பி அனுப்புகிறீர்கள்?

வலிகாமம் வடக்கில் இராணுவம் வருடக்கணக்காகச் சொந்தக்காரரை உள்ளே விடாத காணிகளில் பற்றை மண்டிக் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் காடு. அது யார் வெங்காயம் நட்ட செம்பாட்டு மண் என்று எந்தப் படத்தில் தெரியும்? எங்களிடமிருந்து காணி போன வழிகள் போதும். இனி வரைபடத்தாலும் போக வேண்டாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நேரில் பார்க்காமல் எந்தக் காணியையும் விவசாய நிலம் இல்லை என்று எழுதாதீர்கள். அப்பாவின் விண்ணப்பத்தைத் தயவுசெய்து மறுபடி எடுத்து, ஓர் உத்தியோகத்தரை அனுப்புங்கள். மார்கழியில் வந்தால் நல்லது, பயிர் நிற்கும். கமக்கார அமைப்பில் யாரைக் கேட்டாலும் வரம்பு வரை கூட்டிவந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
கோப்பாய்க் கமக்காரர் ஒருவரின் மகள்