பிடிக்கக் கைப்பிடி இல்லாத பேருந்து: இரண்டாவது புகார்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு, நகரப் பேருந்து நிறுவனம்

பொருள்: அறுந்துபோன கைப்பிடிகள், ஏறி முடிப்பதற்குள் வண்டியை எடுப்பது

ஐயா,

உங்கள் பேருந்தில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டிக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். "பயணிகள் ஒருவரையொருவர் அனுசரித்துப் பயணிக்கவும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதைப் படித்து மனசு ஆறாமல்தான் மறுபடி எழுதுகிறேன்.

நாங்கள் அனுசரிக்காமலா இருக்கிறோம்? நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் தானே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். பின்னாலிருந்து வரும் டிக்கெட் காசு ஐந்தாறு கை மாறி நடத்துநரிடம் போகிறது, மீதிச் சில்லறை அதே கைகள் வழியாகக் குறையாமல் திரும்பி வருகிறது. அசந்து தூங்கும் பள்ளிக்கூடப் பையனை அவன் இறங்கும் இடத்தில் யாராவது தட்டி எழுப்பிவிடுகிறார்கள்.

சண்டை வருவதெல்லாம் வாசல் பக்கத்தில்தான். நான் ஏறும் வண்டியின் நடுப்பகுதியில் தொங்கவேண்டிய கைப்பிடிகளை எண்ணிப் பார்த்தேன். 12 கொக்கிகள் இருக்கின்றன, கைப்பிடி இருப்பது 4-இல் மட்டும். மேல்கம்பியோ உயரமானவர்களுக்குத்தான் எட்டும். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வாசலை ஒட்டிய கம்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்கள். "உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு" என்று நடத்துநர் தொண்டை வறளக் கத்துகிறார். இடம் இருக்கிறது, பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை 8.40-க்கு ஒரு வயதான அம்மா ஏறினார். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே. அதற்குள் விசில் அடித்து வண்டியை எடுத்துவிட்டார்கள். அவர் எட்டிப் பிடித்த கைப்பிடி வாரோடு கையில் வந்துவிட்டது. என் மேல் சாய்ந்தார், நான் பின்னால் நின்ற இளைஞரின் காலை மிதித்துவிட்டேன். "பார்த்து நிக்க மாட்டீங்களா?" என்று அவர் கத்த, அந்த அம்மா அறுந்த வாரைக் கையில் வைத்துக்கொண்டே "மன்னிச்சுக்கப்பா" என்றார். அந்த மன்னிப்பை அவர் கேட்டிருக்கவே கூடாது. கேட்டிருக்கவேண்டியது நீங்கள்.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது மெதுவான வேகம்தான். அப்போதும் வண்டி நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. நின்ற வண்டியைச் சட்டென்று அந்த வேகத்துக்கு எடுத்தால் கால் வண்டியோடு போகும், உடம்பு பின்னால் சாயும். எழுபது வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

ஓட்டுநர் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று கேட்கவில்லை. வண்டி தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேரும், ஏற்றி இறக்க நேரமாகும், அதனால் இன்னும் தாமதமாகும். அடுத்த வண்டி பின்னாலேயே காலியாக வந்து நிற்கும். இதை அவர் ஒருவரால் சரிசெய்ய முடியாது. நேர அட்டவணை போடுகிறவர்கள்தான் காலை நேரத்துக்குக் கூடுதல் நிமிடங்கள் ஒதுக்கவேண்டும்.

அப்புறம், கைப்பிடிகளை மாட்டுங்கள். சிலவற்றைக் குட்டையானவர்களுக்கும் எட்டும்படி தாழ்வாக மாட்டுங்கள். கடைசியாக ஏறியவர் எதையாவது பிடித்த பிறகே விசில் அடிக்கவேண்டும் என்று நடத்துநர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்த வண்டியின் எண்ணைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று தேதி போட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தினசரிப் பயணி ஒருத்தி