ஸ்டூல் மேல் தள்ளுபடி போர்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மூச்சுப் பயிற்சி, காலை நடை, வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவது. எல்லாம் சரி. அந்த 'உட்காருவது' வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடமாகச் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்குவேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், மற்றபடி நிற்பதுதான். ஒரு குடும்பம் வந்து முப்பது சேலை பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று போகும். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணச் சேலை, பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் முப்பதையும் பழைய மடிப்புக் கோடு மாறாமல் மடித்து அடுக்க வேண்டும். அதற்குள் சூப்பர்வைசர், "அந்தப் பார்ட்டியை ஏன் விட்டே?" என்பார். பதில் சொல்லக் கூடாது, முகமும் வாடக் கூடாது.

2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும், ஆள் இல்லாத நேரம் உட்காரலாம். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அந்தச் செய்தியை உங்கள் பேப்பரிலிருந்து கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்தேன். எங்கள் தளத்தில் 14 பெண்களுக்கு இரண்டு ஸ்டூல் வந்தன. ஒன்றின் மேல் தண்ணீர் கேன் இருக்கிறது. இன்னொன்றின் மேல் தள்ளுபடி போர்டு.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடியில் ஒரு நாள் ராத்திரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன், "ஸ்கூலுக்கு அறுபது ரூபாய் வேணும்மா" என்றான். அறுபது ரூபாய்தான். கையிலிருந்த டிபன் பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டேன். மூடி போய்ச் சுவரில் பட்டது. அவன் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் கழுவி வைத்தான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டிய பதில் பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் போயிருக்கிறது.

அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். நான் வந்ததும் பக்கெட்டில் வெந்நீர், ஒரு கை கல் உப்பு. கால் உள்ளே இருக்கும்வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. பதினைந்து நிமிடம்தான். தண்ணீர் சுட வைப்பது மகன் வேலை. இந்தச் சட்டம் இதுவரை ஒழுங்காக நடக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையும் போனில் போட்டு வைத்திருக்கிறேன். 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். ஒன்பதரைக்கு மேல்தானே எங்களுக்குப் பேச நேரம்?

தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு என்று காலை பதினொரு மணிக்கு வராதீர்கள். அன்று மட்டும் ஸ்டூல் காலியாக இருக்கும். ஆடித் தள்ளுபடி நேரத்தில், சாயங்காலம் ஏழு மணிக்குமேல் குடும்பத்தோடு சேலை எடுக்க வாருங்கள். முப்பது சேலை பிரித்துக் காட்டுகிறேன்.

பெயர் போட வேண்டாம். போட்டால் நாளைக்கு எனக்கு வேறு தளம்.

ஒரு வாசகி,
மதுரை.