சிவப்புச் சீட்டுக்கு ஒரு வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

'மேஜிக்: தி கேதரிங்' சீட்டு விளையாட்டில் சிவப்பு நிறச் சீட்டுகள் அவசரக்காரர்களுக்கே ஏற்றவை என்று வாசகர் ஒருவர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆட வரும் மாணவர்களும், 3 சேதம் தரும், அதாவது எதிராளியின் உயிர்ப்புள்ளியில் 3 குறைக்கும் 'லைட்னிங் போல்ட்' நான்கைச் சீட்டுக்கட்டில் செருகியதும் வேலை முடிந்ததாக எழுந்துவிடுகிறார்கள்.

'சல்ஃபியூரிக் வோர்டெக்ஸ்' என்ற சிவப்புச் சீட்டின் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. அதை இறக்க மூன்று மனாதான் (சீட்டை ஆடச் செலவிடும் ஆற்றல்) செலவு. அவரவர் முறை தொடங்கும்போது அவரவருக்கு 2 சேதம். அதைவிட முக்கியம், எவரும் உயிர்ப்புள்ளியைக் கூட்டிக்கொள்ள முடியாது. வெள்ளை நிறக்காரர் உயிரை ஏற்றி ஏற்றி ஆட்டத்தை இழுத்தடிக்கும் வழி அங்கேயே அடைபடுகிறது. நமக்கும் அடி விழும், உண்மைதான். ஆனால் எதிராளியைத் தொடக்க உயிர்ப்புள்ளியான 20-இலிருந்து பாதிக்குக் கீழே முதலிலேயே தள்ளியவருக்கு அந்தக் கணக்கு சாதகமே. பழைய சீட்டுகளை அனுமதிக்கும் போட்டிகளுக்குப் போகிறவர்கள், 60 சீட்டுக் கட்டில் இரண்டு இடங்களையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்