பிறந்த திகதியைப் படிவமே நிரப்பிக்கொள்ளலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் இணையவழி விண்ணப்பங்களை முதியோர் தாமே நிரப்புவது அரிது. தொடர்பாடல் நிலையங்களிலுள்ள பிள்ளைகளே நிரப்பிக் கொடுக்கிறார்கள். மாங்குளத்தில் அத்தகைய நிலையமொன்றை நடத்துபவர் என்ற வகையில், அப்படிவங்களில் பிறந்த திகதியைப் பதியும் முறை மாற வேண்டுமென்று எழுதுகிறேன்.

பல படிவங்களில் திகதிக்குரிய கட்டத்தில் தட்டச்சுச் செய்ய இயலாது. அதை அழுத்தினால் நடப்பு மாதத்தின் நாட்காட்டி விரிகிறது. அம்புக்குறியோ ஒரு தடவைக்கு ஒரு மாதமே பின்செல்கிறது. எழுபது வயதானவருக்கு ஏறக்குறைய 840 தடவை அழுத்த வேண்டும். ஆண்டைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும் வசதி இத்தகைய கருவிகள் பலவற்றில் இருந்தும், படிவத்தை அமைத்தவர்கள் அதை இயக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் இந்தத் தெரிவே தேவையற்றது. அதே படிவத்தில் கேட்கப்படும் தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே திகதி இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்களும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க முறையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டைக் குறிக்கின்றன. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுகின்றன. பெண்களுக்கு அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 1952 யூலை 4 இல் பிறந்த ஆணின் பழைய இலக்கம் 52186 என்றும், பெண்ணினது 52686 என்றும் தொடங்கும். நிரல் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இம்முறையில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்களே கணக்கு. 1965 மார்ச் 1 இல் பிறந்தவருக்கு நாளெண் 061; வழமையான நாட்கணக்கில் பார்த்தால் அது மார்ச் 2 ஆகிவிடும்.

இவ்வாறு தானாக நிரம்பும் திகதி, விண்ணப்பதாரர் பார்த்துத் திருத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இறுதி யுத்தகால இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழை இழந்து, பின்னர் மாற்று ஆவணங்களைப் பெற்றவர்கள் இங்கு பலர். அவர்களுள் சிலரது ஆவணத் திகதியும் அட்டைத் திகதியும் ஒன்றல்ல.

உலாவியே பிறந்த திகதியை நினைவில் வைத்து நிரப்பும் வசதியும் உண்டு. சொந்தக் கைபேசியில் அது நல்லதே. பலரும் பயன்படுத்தும் எங்கள் கணினிகளிலோ முன்னர் வந்தவரின் திகதி அடுத்தவரின் விண்ணப்பத்துக்குள் புகுந்துவிடும். ஆகவே அதை அணைத்து வைப்பதே பாதுகாப்பு. உலாவியின் சொந்தத் திகதிக் கட்டமும் அதன் மொழி அமைப்புக்கேற்பவே திகதியைக் காட்டுவதால், அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்த கணினியில் மாதம் முன்னுக்கு வருகிறது; அங்கே 04/07 என்று பதிந்தால் யூலை 4 ஏப்ரல் 7 ஆகிவிடும். அடையாள அட்டை இலக்கம் கேட்கப்படாத படிவங்களில் நாள், மாதம், ஆண்டு என மூன்று தனிக்கட்டங்களைத் தட்டச்சுக்குத் தருவதே போதும்.

இணையப் படிவங்களை அமைக்க ஒப்பந்தம் வழங்கும் திணைக்களங்கள், மேற்சொன்ன கணிப்பையும் திருத்தும் வசதியையும் ஒப்பந்த நிபந்தனைகளிலேயே சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தொடர்பாடல் நிலைய நடத்துநர்,
மாங்குளம்.