பணிக்கு வராத கிராம நிர்வாக அலுவலர் மீது விசாரணை கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் கிராமப் பொதுமக்களும்
(பெயர், முகவரி, கையெழுத்துகள் தனி இணைப்பில்),
தேன்கனிக்கோட்டை மலைப்பகுதி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: வருவாய்த் துறை – கிராம நிர்வாக அலுவலர் – விடுப்பு அனுமதியின்றித் தொடர்ந்து பணிக்கு வராமை – இடமாற்றத்தோடு முடித்துவிடாமல் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி விசாரணை நடத்தவும், பொறுப்பு அலுவலர் ஒருவரை உடனே நியமிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கிராம நிர்வாக அலுவலர் சென்ற ஐப்பசி மாதத்திலிருந்து அலுவலகத்துக்கு வருவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு, கார்த்திகையில் வாரத்துக்கு ஒரு நாள் என்ற அளவுக்கு வந்து, மார்கழி முழுவதும் ஒரு நாளும் எங்கள் கண்ணில் படவில்லை. அவர் விடுப்பில் இருந்தால் பக்கத்துக் கிராமத்து அலுவலர் எவரேனும் கூடுதல் பொறுப்பு ஏற்றிருக்க வேண்டும். அப்படி எவரும் ஏற்கவில்லை. விடுப்பிலும் இல்லாமல் பணியிலும் இல்லாமல் ஓர் அரசுப் பணியாளர் இருக்கும் நிலைக்கு விதிகளில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு: அனுமதியின்றிப் பணிக்கு வராதிருத்தல். அதை விசாரிக்கக் கோரியே இந்த மனுவை அளிக்கிறோம்.

கிராமத்தின் பெயரையும் அலுவலரின் பெயரையும் மனுவில் எழுதாமல் மூடிய உறையில் இணைத்துள்ளோம். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கும் மனு பல மேசைகளைக் கடந்து போகும். விசாரணை தொடங்கும் முன்பே ஒருவரின் பெயர் அத்தனை மேசைகளிலும் அடிபடுவது முறையன்று என்று கருதினோம்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு அரசுச் சம்பளம் வாங்கியவன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பத்து நிமிடம் தாமதித்தாலும் வாசலில் நிற்கும் பிள்ளைகள் வழியாக ஊருக்கே அது தெரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தின் பூட்டிய கதவை அன்றைக்கு அங்கே போனவர் மட்டுமே பார்க்கிறார்; தமக்குத்தான் அன்று நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். இப்படி ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திரும்பியதால் மூன்று மாதங்களாக ஊரில் எவருக்கும் முழுக் கணக்கு தெரியவில்லை. ஒரு நாள் டீக்கடையில் நான்கு பேர் தத்தம் அலைச்சலைச் சொல்லிக்கொண்டபோதுதான் அது ஒரே கதையின் நான்கு துண்டுகள் என்று புரிந்தது. அன்றிலிருந்து யார் எந்த நாளில் எந்த வேலைக்காகப் போனார்கள், கதவு திறந்திருந்ததா, அலுவலர் இருந்தாரா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறோம். அந்த நோட்டு வருகைப் பதிவேட்டுக்கு ஈடாகாது என்பதை அறிவேன். அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஐப்பசி முதல் தை வரையிலான காலம் எங்கள் பகுதிக்கு எத்தகையது என்பதைச் சொன்னால்தான் இந்தப் பணிவராமையின் கனம் விளங்கும். ராகி கதிர் பிடித்து முற்றும் காலம் அது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கி வரும் காலமும் அதுவே. 2014-ஆம் ஆண்டில் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே யானைகள் இந்தத் தடத்தில் நடந்து வருகின்றன. அவற்றின் மீது எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை. பயிர் அழிந்தால் வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு நிலம் யாருடையது, எத்தனை சென்ட், அந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று இருந்தால்தான் கோப்பு நகரும். அதற்கு ஆதாரமான அடங்கல், அதாவது இரண்டாம் எண் கிராமக் கணக்கு, வயலை நேரில் பார்த்து எழுத வேண்டிய கணக்கு.

கார்த்திகை மாதத்து இரவொன்றில் என் ஒன்றரை ஏக்கர் ராகியில் யானைகள் புகுந்தன. மறுநாள் காலையிலேயே வனக்காப்பாளர் வந்து கால்தடங்களையும் சாய்ந்த பயிரையும் படம் எடுத்துக்கொண்டு போனார். கிராம நிர்வாக அலுவலரைத் தேடி நான் நான்கு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் கிராம உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டு, "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காருங்க, வாத்தியாரே" என்றார். எந்த வயலுக்கு என்று ஒரு முறை கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒரு மாதம் கழிந்த பின் வயலில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. மழையில் தடம் அழிந்தது; மிதிபட்ட தாளை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டோம், கையெழுத்து வரும்வரை மாடு பசியோடு காத்திருக்காது. என்னைப் போலவே சான்றுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் பெயர்கள் இணைப்பில் உள்ளன.

இதைவிட என்னை வருத்தியது ஒரு மூதாட்டியின் இறப்பு. வீட்டில் இறந்த அவருக்கு இறப்புப் பதிவு செய்ய வேண்டிய பதிவாளர், கிராம ஊராட்சிப் பகுதி என்பதால், இதே கிராம நிர்வாக அலுவலர்தாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் 21 நாட்களுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணம் இல்லை. பிள்ளைகள் மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு போனார்கள், பத்தாம் நாள் போனார்கள், பிறகும் போனார்கள். 21 நாட்கள் கடந்தன. தாமதக் கட்டணத்தை அந்தக் குடும்பம்தான் கட்ட வேண்டியிருந்தது. தாமதித்தவர் அவர்கள் அல்லர். கணக்கில் பார்த்தால் அது சிறு தொகை. வீட்டில் கன்னடம் பேசும் அந்தப் பிள்ளைகளோ தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே இன்றும் நம்புகிறார்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் போதும், அலைய வேண்டியதில்லை என்று சொல்லப்படுகிறது. விண்ணப்பம் இணையத்தில் போனாலும் அது முதலில் சென்று நிற்பது கிராம நிர்வாக அலுவலரிடம்தான். அவர் பரிந்துரைத்தால்தான் வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து வட்டாட்சியர் நிலைக்கும் போகும். விண்ணப்பம் வந்த நாளும் அவர் அதை மேலே அனுப்பிய நாளும் கணினியிலேயே பதிவாகியிருப்பதால், எங்கள் நோட்டுப் புத்தகத்தை நம்ப வேண்டிய தேவைகூட விசாரணை அலுவலருக்கு இராது. அந்தப் பதிவையும், அலுவலரின் நாட்குறிப்பையும், வருகைப் பதிவேட்டையும், அந்தந்த மாதத்து ஊதியப் பட்டியலையும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். வராத நாட்களுக்கு ஊதியம் பெற்றுத் தரப்பட்டிருந்தால், எந்தச் சான்றின் பேரில் அது நடந்தது என்பதும் அப்போது தெரியவரும்.

இத்தகைய மனுக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் தீர்வு எது என்பதை நாங்கள் அறிவோம். அலுவலரை வேறொரு கிராமத்துக்கு மாற்றுவார்கள், மனுதாரருக்கு "தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வரும், கோப்பு மூடப்படும். அந்தத் தீர்வு எங்களுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இடமாற்றம் தண்டனை அன்று. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் வரிசைப்படுத்தும் தண்டனைகளில் அதற்கு இடமே இல்லை. மலைக் கிராமத்திலிருந்து சாலையோரக் கிராமத்துக்கு மாற்றினால் அது அவருக்குப் பரிசாகவும் ஆகக்கூடும். இன்னும் மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்துக்கு மாற்றினால், எங்கள் பூட்டிய கதவு இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். இரண்டிலும் வராத நாட்கள் வந்த நாட்களாகவே பணிப்பதிவேட்டில் நிலைத்துவிடும்.

அதே வேளையில், அலுவலருக்கு உரிய நியாயத்தை மறுக்குமாறு நாங்கள் கேட்கவில்லை. அவர் கடும் நோயுற்றிருக்கலாம். வீட்டில் எவரையேனும் விட்டு வர முடியாத நிலை இருக்கலாம். பணிக்கு வராமை, தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்ததா, வேண்டுமென்றே நேர்ந்ததா என்று முடிவு செய்யாமல் அதைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது என்று கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் பிரிவும், குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் அளிக்க நியாயமான வாய்ப்புத் தராமல் எவரையும் பணியிலிருந்து நீக்கப் பொதுவாக இடம் தருவதில்லை. ஆனால் நோயுற்றவருக்கு மருத்துவ விடுப்பு என்ற வழி உண்டு. விண்ணப்பித்திருந்தால் அவருக்கும் ஊதியம் காக்கப்பட்டிருக்கும், எங்களுக்கும் பொறுப்பு அலுவலர் கிடைத்திருப்பார். விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அடிப்படை விதிகள் கூறும்போது, கேட்காமலே எடுத்துக்கொள்வதை எந்த விதியின்கீழ் ஏற்பது?

எனவே, இந்த மனுவை அலுவலரின் நேரடி மேலலுவலருக்கே "தக்க நடவடிக்கைக்காக" என்று அனுப்பாமல், வேறு வட்டத்தைச் சேர்ந்த, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரைக் கொண்டு முதல்நிலை விசாரணை நடத்துமாறு வேண்டுகிறோம். முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால், மேற்சொன்ன ஒழுங்கு விதிகளில், விளக்கம் மட்டும் பெற்றுக் கண்டனத்தோடு முடிக்கக்கூடிய 17(அ) நடவடிக்கையில் நின்றுவிடாமல், வாய்மொழி விசாரணைக்கு இடமுள்ள 17(ஆ) விதியின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்க உத்தரவிட வேண்டும். அதில்தான் எங்களைப் போன்றவர்கள் சாட்சியம் சொல்லவும், அலுவலர் எங்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழி உண்டு. விசாரணை முடியும்வரை வராத நாட்களை எந்த வகை விடுப்பாகவும் முன்தேதியிட்டு வரன்முறைப்படுத்தக் கூடாது. நிர்வாகக் காரணத்தால் அவரை இடமாற்றியே தீர வேண்டுமெனில், நடவடிக்கைக் கோப்பு அவரோடு சேர்ந்தே போக வேண்டும்.

கிராம உதவியாளரைப் பற்றியும் ஒரு சொல். அலுவலகத்தைத் திறந்ததும், பெருக்கியதும், வந்தவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டதும் அவர்தாம். மேலலுவலர் வராததை அவர் ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்பது எளிது. தெரிவித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விசாரணையின் சுமை அவர் தலையில் இறங்கிவிடாமல், அவருடைய வாக்குமூலத்தை அலுவலர் இல்லாத இடத்தில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

விசாரணை எத்தனை மாதம் நீண்டாலும் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். பொறுப்பு அலுவலரை நியமிப்பதை மட்டும் தள்ளிப்போட முடியாது. வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாட்களேனும் கிராமத்தில் இருக்கக்கூடிய ஒருவரை இந்த வாரமே நியமிக்க வேண்டும். சான்று தாமதமானதைக் காரணம் காட்டி யானைச் சேத இழப்பீட்டு விண்ணப்பங்கள் தள்ளுபடி செய்யப்படாதவாறு, வனக்காப்பாளர் அன்றே எடுத்த படங்களை ஆதாரமாக ஏற்குமாறு மாவட்ட வன அலுவலருக்கும் தாங்கள் எழுத வேண்டும்.

விசாரணையைக் கிருஷ்ணகிரியில் வைத்தால் எங்களில் பலரால் வர இயலாது. தேன்கனிக்கோட்டைக்கு வந்து, ராயக்கோட்டை வழியாகப் பேருந்து பிடித்து வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் வைத்தால் கையெழுத்திட்ட அனைவரும் வந்து சாட்சி சொல்வோம். களத்து வேலை முடிந்துவிட்டதால் எந்த நாளானாலும் எங்களுக்குச் சம்மதமே. மாலை நான்கு மணிக்குள் முடியும்படி நேரம் குறித்தால் நல்லது. அதற்கு மேல் அந்தப் பாதையில் யானை நடமாட்டம் இருக்கும், விசாரணை அலுவலரும் இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்துகள் இணைப்பில்)

இணைப்பு: கிராமம் மற்றும் அலுவலர் விவரம் (மூடிய உறையில்), நோட்டுப் புத்தகத்தின் நகல், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், இழப்பீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல்.