வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: மிலேட்டஸ் சிந்தனையாளர்களைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரையில் செழித்திருந்த மிலேட்டஸ் என்னும் கிரேக்கத் துறைமுக நகரின் சிந்தனையாளர்களான தேல்ஸ், அனாக்சிமாண்டர், அனாக்சிமெனிஸ் ஆகிய மூவருக்கென ஒதுக்கப்பட்டன.

தேல்ஸின் நூல் எதுவும் எஞ்சவில்லை. அனைத்துக்கும் மூலம் நீரே என்றும், பூமி நீரின்மேல் மிதக்கிறது என்றும் அவர் கருதியதாக அரிஸ்டாட்டில் தரும் குறிப்பையே அடிப்படையாகக் கொண்டு விவாதித்தோம். கி.மு. 585இல் நிகழ்ந்ததாகக் கருதப்படும் சூரிய கிரகணத்தை அவர் முன்கூட்டியே சொன்னார் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் கூற்றில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

அனாக்சிமாண்டருக்குத் திட்டமிட்டதைவிடக் கூடுதல் கூட்டங்கள் தேவைப்பட்டன. பூமி நீரில் மிதக்கிறதென்றால் அந்த நீரைத் தாங்குவது எது என்ற கேள்வி எழும் இடத்தில், பூமியைத் தாங்க எதுவுமே வேண்டியதில்லை, எல்லாப் பக்கமும் சம தொலைவில் இருப்பதால் அது ஒரு பக்கமாக விழக் காரணமில்லை என்று அவர் வாதிட்டது உறுப்பினர்களைப் பெரிதும் கவர்ந்தது. நீரை விடுத்து, எல்லையற்றதான ‘அபெய்ரான்’ என்பதை மூலமாகக் கொண்ட அவரது சொற்களில் எஞ்சியிருப்பது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அரிஸ்டாட்டிலின் உரையாசிரியர் சிம்ப்ளீசியஸ் எடுத்தாண்ட சிறு பகுதி மட்டுமே. பொருள்கள் தம் அநீதிக்காகக் காலத்தின் முறைப்படி ஒன்றுக்கொன்று ஈடு செலுத்துகின்றன என்னும் அப்பகுதியை வரிவரியாகப் படித்தோம்.

எல்லையற்றதை விடுத்து மீண்டும் காற்று என்னும் ஒரு பொருளையே மூலமாகக் கொண்டார் என்பதற்காக அனாக்சிமெனிஸைப் பின்னடைவாகக் கருதிக் கடந்து செல்வது நியாயமன்று. காற்று விரிந்தால் நெருப்பாகவும், செறிந்தால் மேகம், நீர், மண், கல் என்றும் மாறுகிறது என்று கூறி, ஒன்று மற்றொன்றாகும் வழியையே விளக்க முற்பட்டவர் அவர். உதடு குவித்து ஊதினால் மூச்சு குளிர்கிறது, வாய் திறந்து விட்டால் வெதுவெதுப்பாகிறது என்று அவர் காட்டிய சான்றை உறுப்பினர்கள் கூட்டத்திலேயே தம் உள்ளங்கையில் ஊதிப் பார்த்தனர். அவரது விளக்கம் இன்று நிலைக்காது. ஆயினும் எவரும் தாமே சோதித்தறியக்கூடிய சான்றை முன்வைத்த அந்த நேர்மைக்காகவே மூவரில் அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸை அழித்த வரலாற்றுடன் வாசிப்பு நிறைவுற்றது. வரும் ஆண்டுக்கு, அண்டை நகரான எபேசஸின் ஹெராக்ளிட்டஸைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்